கோடையில் மட்டும் ஓடும் காருக்குத் துருத்தடுப்புத் தேவையா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செப்டெம்பர் பிறந்ததும் துருத்தடுப்பு நிலையங்களின் வாசலில் கார்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். குளிர்காலம் முழுவதும் உப்பு இறைத்த வீதிகளில் ஓடவேண்டிய கார்களுக்கு அது நியாயமான செலவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே வரிசையில், மே மாதம் வெளியே எடுக்கப்பட்டு ஒக்டோபரில் மூடிவைக்கப்படும் கார்களும் நிற்பதைப் பார்க்கிறேன். கூரை திறக்கும் கார், ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார், தந்தையார் விட்டுப்போனதால் விற்க மனம் வராமல் வைத்திருக்கும் கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். இவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வரும். பனியைக் காணாத காருக்குத் துரு வராது, ஆகவே ஒன்றுமே தேவையில்லை என்பார் ஒருவர். இரும்பு என்றால் துரு பிடித்தே தீரும், ஆகவே ஆண்டுதோறும் எண்ணெய் அடிக்கவேண்டும் என்பார் மற்றவர்.

இரண்டு கூற்றிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதை அறிந்தால் வீண் செலவையும் தவிர்க்கலாம், நல்ல கார் ஒன்று அடியிலிருந்து அரிபட்டுப் போவதையும் தவிர்க்கலாம். துருத்தடுப்பு என்று நான் இங்கே குறிப்பது, காரின் அடிப்பாகத்திலும் கதவு, விளிம்புப்பெட்டி முதலிய வெற்றுக் குழிவுகளின் உட்புறத்திலும் எண்ணெய், மெழுகு, தார் போன்ற ஒரு பொருளைப் பூசி உலோகத்தை ஈரத்திடமிருந்து பிரித்துவைப்பதை. அது தேவையா என்ற கேள்விக்கு வருமுன், துரு என்பது என்னவென்று பார்த்துக்கொள்வோம்.

தோசைக்கல்லும் மண்வெட்டியும்

இரும்புத் தோசைக்கல்லைக் கழுவித் துடைக்காமல் வைத்தால் மறுநாள் காலையில் அதன் முகத்தில் செம்மஞ்சள் படிந்திருக்கும். அதே கல்லைத் துடைத்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எங்கள் ஊரில் தோட்ட வேலை முடிந்ததும் மண்வெட்டியின் மண்ணைத் தட்டிச் சுரண்டிவிட்டுத்தான் கொட்டிலில் சாத்துவார்கள். ஈரமண் ஒட்டியபடி வைத்த மண்வெட்டி, மண் ஒட்டியிருந்த இடத்திலேதான் முதலில் கறள் பிடிக்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. (யாழ்ப்பாணத்தில் துருவைக் கறள் என்போம்.) தேங்காய் திருவும் திருவலையின் பல்லும் அப்படித்தான். காய்ந்து கிடக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. துரு ஆண்டுகளைக் கணக்கிடுவதில்லை. இரும்பு எத்தனை மணித்தியாலம் ஈரமாக இருந்தது என்பதைத்தான் அது கணக்கிடுகிறது. உலர்ந்த பரணில் 40 ஆண்டுகள் கிடந்த கத்தி பளபளப்பாக வெளிவரலாம். கழுவுதொட்டியில் ஓரிரவு கிடந்த கத்தி சிவந்துவிடும். இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை இந்த ‘ஈர மணித்தியாலம்’ என்ற எண்ணமே.

ஒரு துளி நீருக்குள் நடப்பது

உருக்குத் தகட்டின்மேல் ஒரு துளி நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளிக்கு அடியில் ஓரிடத்தில் இரும்பின் அணுக்கள் தம் இலத்திரன்களை உலோகத்திலே விட்டுவிட்டு நீருக்குள் கரைந்து இறங்குகின்றன. விடப்பட்ட இலத்திரன்கள் உலோகத்தின் வழியே ஓடி வேறோர் இடத்தைச் சேர்கின்றன. அங்கே காற்றிலிருந்து நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கரைந்த இரும்பு பின்னர் ஒட்சிசனோடும் நீரோடும் கூடிச் செம்பழுப்பான பொருளாகப் படிகிறது. அதுதான் துரு. கைவிளக்கின் மின்கலத்தில் நடப்பதும் இதே வகையான நிகழ்ச்சிதான். ஓரிடம் இலத்திரனை இழக்கிறது, இன்னோரிடம் ஏற்கிறது, இரண்டையும் ஒரு திரவம் இணைத்துச் சுற்றை முடிக்கிறது. மின்னோட்டத்தைத் தன்னூடே கடத்தும் அத்தகைய திரவத்துக்கு மின்பகுபொருள் என்று பெயர். துரு பிடிக்கும் தகடு, தன்னைத்தானே செலவழித்துக்கொள்ளும் ஒரு சின்னஞ்சிறிய மின்கலம்.

இதிலிருந்து ஒரு வியப்பான விளைவு பிறக்கிறது. ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கும் இடம் இலத்திரனை ஏற்கும் இடமாகிறது. ஒட்சிசன் எட்டாத இடம், அதாவது சேற்றுக்கு அடியிலோ இரண்டு தகடுகள் மடித்து ஒட்டப்பட்ட இடுக்கிலோ உள்ள இடம், கரையும் இடமாகிறது. மண் ஒட்டிய மண்வெட்டி அங்கேயே கறள் பிடிப்பதன் காரணம் இதுதான். காரிலும் கண்ணுக்குத் தெரியும் பரந்த தகடு தப்பிவிடும். சக்கர வளைவின் உள் உதடு, கதவின் அடி மடிப்பு, கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் விளிம்புப்பெட்டி (மெக்கானிக்குகள் ‘ரொக்கர் பனல்’ என்பது) ஆகிய இடுக்குகளே முதலில் போகும். வெளியே பூச்சில் கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதித் தகடு ஏற்கனவே போயிருக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பூச்சைத் தூக்கிவிடுகிறது. அலுமினியத்தின்மேல் படியும் ஒட்சைட்டு இறுகிப் பிடித்து அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ பொருக்காக உதிர்ந்து அடுத்த படைக்கு வழிவிடும்.

சுருக்கமாக: துருவுக்கு இரும்பும் ஒட்சிசனும் மின்பகுபொருளும் வேண்டும். முதல் இரண்டையும் காரிலிருந்து நீக்க முடியாது. மூன்றாவதை நீக்கலாம், அல்லது உலோகத்தை அடையவிடாமல் தடுக்கலாம்.

ஆனையிறவு உப்பும் ஒன்ராறியோ உப்பும்

தூய நீர் மோசமான மின்பகுபொருள். அதில் உப்புக் கரைந்ததும் மின்னோட்டம் எளிதாகிறது, ஆகவே துரு விரைகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு, உலோகத்தின் முகத்திலே இயல்பாக அமையும் மெல்லிய காப்புப் படையையும் ஊடறுக்கிறது. அதைவிட முக்கியமானது, துரு உண்டாகும்போது உப்புச் செலவாகித் தீர்ந்துபோவதில்லை என்பது. இடுக்கில் சிக்கிய உப்பைக் கழுவி வெளியேற்றும்வரை அது ஆண்டு தோறும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

உப்பின் இன்னொரு குணம், இலங்கையின் வடக்கே ஆனையிறவு உப்பளத்தில் விளைந்த உப்பைப் பாவித்து வளர்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாரி தொடங்கியதும் உப்புச்சட்டி கசிந்து அடியில் நீர் தேங்கும். ஒருவரும் அதில் நீர் ஊற்றவில்லை. கல்லுப்பிலே சோடியம் குளோரைட்டோடு கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு காற்றிலுள்ள நீராவியைத் தானே இழுத்து அதிலே கரைகிறது. இந்தக் குணத்துக்கு நீர்மயமாதல் என்று பெயர். எந்த அளவு ஈரமான காற்றில் இது நிகழும் என்பதைச் சாரீரப்பதனால் அளப்பார்கள். குறித்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவி முழுவதையும் 100 என்று கொண்டால் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதே சாரீரப்பதன். சோடியம் குளோரைட்டு ஏறக்குறைய 75 சதவீதத்தில் நீராகத் தொடங்கும். மகனீசியம் குளோரைட்டும் கல்சியம் குளோரைட்டும் 30 சதவீதத்தை ஒட்டிய வறண்ட காற்றிலேயே நீராகிவிடும். அந்த உப்புகள் படிந்த தகடு, மழையே இல்லாத நாளிலும் ஈரமாகவே இருக்கும். ஈர மணித்தியாலம் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

கனடாவில் ஆண்டுக்குச் சுமார் 50 இலட்சம் தொன் உப்பு வீதிகளில் இறைக்கப்படுகிறது. ஒன்ராறியோவின் கொடரிச் நகரில், ஹியூரன் ஏரியின் அடியில், 500 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் தோண்டப்படும் சுரங்கம் உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமாகக் கருதப்படுகிறது. அங்கிருந்து வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. கடுங்குளிரில் அது பனியை உருக்கத் திணறுவதால், கல்சியம், மகனீசியம் குளோரைட்டுக் கரைசல்களும் சில இடங்களில் சேர்க்கப்படுகின்றன. வீதிக்கு அவை நல்லவை. தகட்டுக்கு, மேலே சொன்ன காரணத்தால், சாதாரண உப்பைவிடக் கொடியவை.

குளிரில் உறங்கி வெயிலில் விழிக்கும் துரு

இனிவருவதுதான் பெரும்பாலோர் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கும் விடயம். துரு குளிர்காலத்து நோய் என்றே பேசப்படுகிறது. உண்மையில் உப்பு ஏறுவது குளிர்காலத்தில், துரு தீவிரமாக வேலைசெய்வது வசந்தத்திலும் கோடையிலும். வேதியியல் மாற்றங்கள் வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு விரைவடையும் என்பது பொதுவான ஒரு கணக்கு. துல்லியமான விதியல்ல, ஆயினும் போக்கைச் சரியாகக் காட்டும். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகைக் குளிரில் விறைத்து நிற்கும் உப்புக் கார் மெதுவாகவே அரிபடுகிறது. அதே காரைச் சூடேற்றிய கராஜுக்குள் அன்புடன் கொண்டுவந்து விட்டால், அடியில் ஒட்டிய பனி உருகி, உப்புநீராகி, இதமான சூட்டில் இரவு முழுவதும் வேலைசெய்கிறது.

ஆகவே “நான் கோடையில் மட்டும்தான் ஓட்டுகிறேன்” என்ற வாக்கியம் தனியே எதையும் சொல்லிவிடாது. அந்தக் கார் உங்கள் கைக்கு வருமுன் மூன்று குளிர்காலம் ஓடியிருந்தால், அதன் இடுக்குகளில் உப்பு இருக்கிறது. நீங்கள் அதைக் கோடையில் மட்டும் ஓட்டுவதால், துருவுக்கு மிகவும் பிடித்த பருவத்தில் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் கோடைக்கென்று நானே ஒரு பழைய காரை வாங்கினேன். விற்றவர் அதைப் பனியில் ஓட்டியதே இல்லை என்றார், அது உண்மை என்றே இன்றும் நம்புகிறேன். ஆயினும் அடியில் படுத்துப் பார்த்தபோது பின்சக்கரத்துக்கு முன்னால் விளிம்புப்பெட்டி விரல் பட்டதும் உடைந்தது. விசாரித்தபோதுதான் விடை கிடைத்தது. கார் ஒவ்வொரு குளிர்காலத்தையும் மண்தரையுள்ள ஒரு பண்ணைக் கொட்டிலில், பிளாஸ்ரிக் படங்கால் இறுக மூடப்பட்டுக் கழித்திருந்தது. உப்பே இல்லாமல் வெறும் ஈரம் மட்டும் அதைச் செய்துவிட்டது. மண்தரையிலிருந்து எழுந்த ஆவி படங்குக்குள் சிக்கி, ஆறு மாதம் தகட்டில் வியர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

தொழிற்சாலை ஏற்கனவே செய்து தருவது

புதிய கார் ஒன்று வெற்று இரும்பாக வருவதில்லை. இன்று காரின் உடற்கூடு முழுவதும் பூச்சுத் தொட்டியில் அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் உதவியால் பூச்சு உட்குழிவுகள் வரை இழுத்துப் படியவைக்கப்படுகிறது. இந்த மின்படிவுப் பூச்சு 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகே பரவலாயிற்று. அதற்கும் அடியில் பல தகடுகளுக்கு நாகமுலாம் பூசப்பட்டிருக்கும். நாகம் (தமிழகத்தில் துத்தநாகம் என்பர்) இரும்பைவிட எளிதில் இலத்திரனை விட்டுக்கொடுக்கும். இரண்டும் ஒட்டியிருக்கும்போது நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். பூச்சிலே கீறல் விழுந்தாலும், பக்கத்திலே நாகம் மிஞ்சியிருக்கும்வரை, அந்தக் கீறலில் இரும்பு எளிதில் கரையாது. போர்ஷே தன் 911 காரின் உடலை 1976ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து நாகமுலாமிட்ட தகட்டால் செய்தது. அவுடி 1980களில் அதைப் பின்பற்றியது. மற்றவர்களிடம் படிப்படியாக வந்து சேர்ந்தது.

எனவே காரின் வயது முக்கியமான கேள்வி. 1960களில் செய்த பெரும்பாலான கார்களில் இவற்றில் ஒன்றுமே இராது. கடந்த 20 ஆண்டுகளில் செய்த காரின் உடற்கூடு நன்றாகவே காக்கப்பட்டிருக்கும். ஆனால் அதிலும் அச்சுகளைத் தாங்கும் சட்டகம், பிரேக் குழாய்கள், ஆணிகள், சுருள்வில் தாங்கிகள் ஆகியவற்றுக்கு அந்த அளவு கவனிப்புக் கிடைப்பதில்லை. துருப்பார்வை என்றால் கதவைப் பார்ப்பதல்ல, அடியில் இவற்றைப் பார்ப்பதே.

விற்கப்படும் துருத்தடுப்பு வகைகள்

எண்ணெய்த் தெளிப்பு மிகவும் மெல்லியது. ஈரத்தை விலக்கி இடுக்குக்குள் ஊர்ந்து செல்வது அதன் பலம். தோசைக்கல் எண்ணெய் செய்வதையே இதுவும் செய்கிறது. ஓரிரு நாள் அடியிலிருந்து சொட்டும், வீதிநீர் பட்டுப்பட்டுக் கழுவுப்படும், ஆகவே உப்பு வீதியில் ஓடும் காருக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். ஒன்ராறியோவில் ஒருமுறைக்கு 150 டொலரை ஒட்டியோ சற்று மேலாகவோ செலவாகும். பழைய கார்களில் இயற்கை ரப்பரால் ஆன பகுதிகள் எண்ணெய் பட்டால் ஊதக்கூடும் என்பதால், தெளிக்குமுன் அதைச் சொல்லிவைப்பது நல்லது.

மெழுகு வகை தடித்தது, சொட்டாது, பல ஆண்டுகள் நிற்கும். ஆட்டுரோமத்திலிருந்து எடுக்கப்படும் கொழுப்பை அடிப்படையாகக் கொண்டவை இரண்டுக்கும் இடைப்பட்டவை. சுத்தமான, உலர்ந்த உலோகத்தின்மேல் மெழுகு சிறந்தது. துரு ஏற்கனவே தொடங்கிய இடுக்கில் எண்ணெயைப்போல் அது ஊடுருவாது.

தார் அல்லது ரப்பர் வகைக் கனத்த பூச்சைப் பற்றித்தான் நான் எச்சரிக்க விரும்புகிறேன். பார்வைக்கு அதுவே மிகப் பலமானதாகத் தோன்றும். கறுப்பாக, ஒரே சீராக, அடிப்பாகம் முழுவதையும் மூடிவிடும். ஆண்டுகள் செல்ல அது காய்ந்து வெடிக்கிறது. வெடிப்பினூடே நீர் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையே ஒட்சிசன் குறைந்த ஈரமான இடுக்கு ஒன்று உண்டாகிறது. அத்தகைய இடுக்கில் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம். துருவின்மேல் இதைப் பூசினால் நோயைப் போர்வையால் மூடியதாகும். விற்பனைக்கு வரும் பழைய காரின் அடியில் புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தால், அதைச் சிறப்பாகக் கருதாமல் ஐயத்தோடு பார்க்கவேண்டும். தண்ணீர் வடிவதற்காகக் கதவின் அடியிலும் விளிம்புப்பெட்டியிலும் விடப்பட்ட துளைகளை அந்தப் பூச்சு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இறுதியாக, மின்சுற்று ஒன்றைக் காரில் பொருத்தினால் துரு நின்றுவிடும் என்று விற்கப்படும் சிறு பெட்டிகள். இதற்குப் பின்னாலுள்ள தத்துவம் பொய்யல்ல. கப்பலின் அடிப்பாகத்தையும் மண்ணுக்குள் புதைத்த குழாய்களையும் மின்னோட்டத்தால் காக்கிறார்கள். அதற்கு மூத்த வழியாகிய, தான் கரைந்து மற்றதைக் காக்கும் உலோகத்தை இணைக்கும் யோசனையை 1824இலேயே ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்பிரி டேவி பிரித்தானியக் கடற்படையின் செம்புத்தகடு போர்த்த கப்பல்களுக்காக முன்வைத்தார். ஆனால் கப்பலைச் சுற்றிலும் கடல் இருக்கிறது, குழாயைச் சுற்றிலும் ஈரமண் இருக்கிறது. மின்னோட்டம் பாய அறுபடாத மின்பகுபொருள் வேண்டும். காரைச் சுற்றி இருப்பது காற்று. தகட்டில் ஆங்காங்கே நிற்கும் துளிகளுக்கிடையே சுற்று முடிவதில்லை. 1990களில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, இத்தகைய கருவியை விற்ற நிறுவனம் ஒன்றின் விளம்பரக் கூற்றுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. கோடைக் காருக்கு மட்டுமல்ல, எந்தக் காருக்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: எண்ணெய், துரு தொடங்கிய இடுக்குக்கு ஏற்றது. மெழுகு, சுத்தமான உலோகத்துக்கு ஏற்றது. தார், கவனமாகக் கையாளவேண்டியது. மின்பெட்டி, வேண்டாதது.

அப்படியானால் உங்கள் காருக்கு?

ஒரு குளிர்காலமும் காணாத, நாகமுலாமும் மின்படிவுப் பூச்சும் உள்ள, உலர்ந்த இடத்தில் வைக்கப்படும் கார் உங்களிடம் இருந்தால், ஆண்டுதோறும் எண்ணெய் அடிப்பது வீண். அந்தப் பணத்தைக் குளிர்கால இருப்பிடத்தில் செலவிடுங்கள். மனம் கேட்காவிட்டால் உட்குழிவுகளுக்கு ஒருமுறை மெழுகு தெளித்துவிட்டுச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். புதிய கார் வாங்கும்போது விற்பனையகத்தில் ‘ஆயுட்காலத் துருத்தடுப்பு’ என்று நீட்டப்படும் பெருந்தொகைப் பொதியை இப்படிப்பட்ட காருக்கு வாங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

முன்பு குளிர்காலம் ஓடிய காரை இப்போது கோடைக் காராக்கியிருந்தால் விடை மாறுகிறது. அதற்குத் துருத்தடுப்புத் தேவை. ஆனால் தெளிப்பதற்கு முன் ஒன்று செய்யவேண்டும். அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் வடிதுளைகளையும் தாராளமாக நன்னீர் விட்டுக் கழுவி, பல நாள் வெயிலில் நன்றாகக் காயவிடவேண்டும். உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மேலே எண்ணெய் பூசுவதில் பாதிப் பயனே உண்டு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் எண்ணெய் அடித்து, பிறகு அடியைப் பார்த்து இடைவெளியைக் கூட்டலாம். கழுவிச்செல்லும் உப்புநீர் இல்லாததால் கோடைக் காரில் எண்ணெய் நீண்டநாள் நிற்கும்.

காப்புப் பூச்சு ஏதும் இல்லாத காலத்துப் பழைய கார் என்றால், அது பனியையே காணாவிட்டாலும் உட்குழிவுகளுக்கு மெழுகோ எண்ணெயோ இருப்பது நல்லது. மழையில் ஓடிய நாளும் கழுவிய நாளும் அதன் கதவுக்குள் நீர் இறங்கத்தான் செய்யும்.

கோடையிலும் வீதியில் உப்பு உண்டு

இதைப் பலர் அறிவதில்லை. ஒன்ராறியோவின் நாட்டுப்புறங்களில் தார் போடாத சரளை வீதிகளில் புழுதி எழாதிருக்க, கோடையின் தொடக்கத்தில் கல்சியம் குளோரைட்டுக் கரைசலைத் தெளிக்கும் ஊராட்சிகள் பல. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வீதியை நனைத்தே வைத்திருப்பதால் அது புழுதியை அடக்குகிறது. உப்புச்சட்டியில் பார்த்த நீர்மயமாதலேதான் இங்கும் வேலைசெய்கிறது. அந்த வீதியில் ஏரிக்கரை விடுதிக்குப் போய்வரும் கோடைக் காரின் அடியில், உப்புகளிலே மிகக் கொடிய ஒன்று ஜூன் மாதத்தில், துருவுக்கு உகந்த சூட்டில், அப்பிக்கொள்கிறது. வார இறுதிதோறும் அப்படிப் போகிறவர்கள் திரும்பியதும் அடியைக் கழுவவேண்டும். அவர்களுடைய காருக்குத் துருத்தடுப்புச் செய்வதும் நியாயமே. அத்திலாந்திக் கரையோரத்தில், நோவா ஸ்கோஷியா போன்ற இடங்களில், கடற்காற்றிலே உப்புத் துணிக்கைகள் இருப்பதால் அங்கும் பனி மட்டும் கணக்கல்ல.

ஆறு மாத உறக்கம்

கோடைக் காரின் ஆயுள் பெரும்பாலும் அது ஓடாத மாதங்களில்தான் தீர்மானிக்கப்படுகிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தல் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் சூடேற்றாத கராஜுக்குள் நிற்கும் காரும் அப்படியே வியர்க்கும். இரவெல்லாம் குளிர்ந்த உலோகத்தின்மேல் பகலின் ஈரமான இளஞ்சூட்டுக் காற்றுப் படும்போது நீராவி ஒடுங்கித் துளிகளாகும். இதைக் குறைக்கக் காற்றோட்டம் வேண்டும். காற்றுப்புகும் துணிமூடி நல்லது, பிளாஸ்ரிக் படங்கு கெட்டது. கொங்கிறீட் தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறினால், காருக்கு அடியில், தரையின்மேல், தடித்த பிளாஸ்ரிக் தாளை விரிக்கலாம். மண், புல், சரளை ஆகியவற்றின்மேல் காரை நிறுத்துவதைத் தவிர்க்கவேண்டும். மூடிய கராஜாக இருந்து ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வைத்துச் சாரீரப்பதனை 50 சதவீதத்தை ஒட்டிப் பேணமுடிந்தால், உப்பில்லாத உருக்கு ஏறக்குறைய துருப்பிடிக்காது என்றே சொல்லலாம்.

குளிர்காலத்தில் தினமும் ஓடும் மற்றக் காரைக் கோடைக் காரின் அருகில் அதே கராஜில் விடுவது, நன்மனத்தோடு செய்யப்படும் பெரிய தவறு. அதிலிருந்து உருகி வழியும் உப்புநீர் தரையில் பரவுகிறது, ஆவி அறையெங்கும் நிறைகிறது. ஒரே இடம்தான் இருக்கிறது என்றால் தினக் காரை வெளியே நிறுத்துங்கள். முன்பு சொன்னபடி அதற்கும் குளிரே நல்லது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கராஜுக்குப் போய், எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறார்கள் பலர். காருக்கு உயிர் ஊட்டுவதாக நினைக்கிறார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. வழக்கமாக அது சூடான ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் குழாயும் ஒலியடக்கியும் போதிய அளவு சூடாவதில்லை. நீர் உள்ளேயே ஒடுங்கித் தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. எஞ்சின் எண்ணெயிலும் ஈரம் சேர்கிறது. நிறுத்திய காரை நிறுத்தியபடியே விடுவதும், பற்றரியைக் கழற்றி வைப்பதோ பராமரிப்புச் சார்ஜரில் இணைப்பதோ அதைவிடப் பல மடங்கு நல்லது.

துருத்தடுப்புச் செய்வதென்று முடிவுசெய்தவர்கள் அதைச் செப்டெம்பரின் வெயில் நாள் ஒன்றில், கழுவிக் காய்ந்த காருக்கு, உறக்கத்துக்கு வைக்குமுன் செய்துவிடுவது நல்லது. வசந்தத்தில் வெளியே எடுக்கும் நாளைத்தான் பொறுமையோடு தெரிவுசெய்யவேண்டும். ஏப்ரலில் முதல் இளவெயில் எறித்ததும் கை துறுதுறுக்கும், வீதியும் காய்ந்து கிடக்கும். ஆனால் அந்தக் காய்ந்த வீதியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பது உப்புத்தூள். சக்கரம் அதைக் கிளப்பி அடியிலுள்ள ஒவ்வொரு இடுக்கிலும் கொண்டுபோய் வைக்கும், அடுத்த ஈரமான காலையில் அது நீராகும். இரண்டு மூன்று நல்ல மழை பெய்து அந்த வெள்ளைக் கோடு முழுவதாகக் கழுவுப்பட்ட பின்னரே கராஜின் கதவைத் திறக்கவேண்டும். சில ஆண்டுகளில் அது ஏப்ரல் இறுதியாகும், சில ஆண்டுகளில் மே நடுப்பகுதியாகவும் ஆகிவிடும்.